135 பவுண்டில் யார் பெரிய ஆள்? டுரான், லியனார்ட், மறக்கப்படும் ஜோ கான்ஸ்

லைட்வெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார் என்று குத்துச்சண்டை பார்க்கிற நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேர் ராபர்ட்டோ டுரான் என்பார்கள், பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கிற நாலாவது ஆள் பென்னி லியனார்ட் என்பார், அப்புறம் விடிய விடிய விவாதம்தான். என் கட்சி டுரான். அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஆனால் டுரானுக்காகப் பேசுகிறவர்கள் எடுத்து வைக்கும் காரணங்களில் பாதி செல்லாது. லியனார்டுக்காகப் பேசுகிறவர்களோ அவருக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒருவரைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டும் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் செல்லாத காரணங்கள். 1980 ஜூன் 20 அன்று மான்ட்ரியலில் சுகர் ரே லியனார்டை (பென்னி இல்லை, இவர் வேறு ஆள்) டுரான் வென்றது மகத்தான வெற்றி, மறுப்பே இல்லை. ஆனால் அது 147 பவுண்டில், வெல்டர்வெயிட்டில் நடந்தது. 1989இல், 37 வயதில், ஐரன் பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டம் வாங்கினார், அது 160 பவுண்டு. லைட்வெயிட் என்பது 135 பவுண்டு, கிட்டத்தட்ட 61 கிலோ. கேள்வி அந்த எடையைப் பற்றியது என்றால் இந்த இரண்டு வெற்றிகளையும் தராசில் வைக்கக் கூடாது. அதே நியாயப்படி 1980 நவம்பரில் நியூ ஆர்லீன்ஸில் அதே சுகர் ரே லியனார்டுக்கு எதிரே எட்டாவது ரவுண்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு சண்டையை விட்டதையும் அவருக்கு எதிராகச் சொல்லக் கூடாது. பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிடுகிறார்கள், வேறு சிலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பட்டியலில் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். மேனி பக்கியோ லைட்வெயிட்டில் ஆடியது ஒரே ஒரு போட்டி, 2008இல் டேவிட் டியாஸுடன். ஃப்ளாய்ட் மேவெதர் நாலே போட்டி, அதிலும் 2002 ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுடனான முதல் போட்டியில் மேவெதர் ஜெயித்ததை இன்று வரை ஒப்புக்கொள்ளாதவர்கள் ஏராளம். டெரன்ஸ் க்ராஃபோர்ட் 2014இல் கிளாஸ்கோ போய் ரிக்கி பர்ன்ஸிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், சொந்த ஊர் ஒமாஹாவில் காம்போவாவைச் சாய்த்தார், அடுத்த வருஷமே மேல் எடைக்குப் போய்விட்டார். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் எனக்கு உயிர். 1938இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என்று மூன்று உலகப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார், மொத்தமே எட்டுப் பிரிவுகள் இருந்த காலத்தில். லைட்வெயிட் பட்டத்துக்காக லூ ஆம்பர்ஸுடன் மோதியபோது வாய் கிழிந்து ரத்தம் கொட்டியது, தளத்தில் ரத்தம் சிந்தினால் போட்டியை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரித்ததால் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே 15 ரவுண்டும் ஆடி முடித்தார். ஆனாலும் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது ஒரு வருஷம்தான், 1939 ஆகஸ்டில் ஆம்பர்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லா எடைகளையும் சேர்த்துப் போடும் பட்டியலில் ஆம்ஸ்ட்ராங் உச்சியில் இருக்கட்டும், இங்கே இல்லை.

எடை என்று சொன்னேன் அல்லவா, அதுவும் எல்லாக் காலத்திலும் ஒரே எடை இல்லை. 1909இல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 135 பவுண்டு என்று எழுதி வைத்தது, அமெரிக்காவில் அதுவரை 133தான் வழக்கம். அதைவிடப் பெரிய வித்தியாசம் எடை பார்க்கிற நேரத்தில் இருக்கிறது. பழைய காலத்தில் போட்டி நாளன்றே, சில சமயம் ரிங்குக்குப் பக்கத்திலேயே, எடை போட்டுவிட்டு உடனே சண்டை. 1980களில் முந்தின நாளே எடை பார்ப்பது வழக்கமாயிற்று. இன்றைய வீரர் 135 காட்டிவிட்டு இறங்கி, இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரும் சாப்பாடுமாக உடம்பை ஏற்றிக்கொண்டு பத்து, பன்னிரண்டு பவுண்டு கூடுதலாக ரிங்குக்குள் வருகிறார். ஆக 1906இன் லைட்வெயிட்டையும் 2022இன் லைட்வெயிட்டையும் கற்பனையில் மோதவிட்டு 'இவர் அவரை நசுக்கிவிடுவார்' என்று பேசுவதில் பொருளே இல்லை. இரண்டு பேரும் ஒரே எடைக்காரர்களே இல்லை. அவரவர் காலத்தில், அவரவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்குள் யார் எவ்வளவு தூரம் போனார் என்று பார்ப்பதுதான் முறை. அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுகிறவர் ஜோ கான்ஸ்.

பால்டிமோர்க்காரர், 1874இல் பிறந்தவர், மீன் சந்தையில் வேலை பார்த்தவர். 1902 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் ஈரியில் ஃப்ராங்க் எர்னை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தி உலக லைட்வெயிட் சாம்பியன் ஆனார். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் ஒருவர் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் சாம்பியன் ஆவதற்கு ஆறு வருஷம் முன்னால்! ஜான்சன் பெயர் எல்லாருக்கும் தெரியும், கான்ஸ் பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

கான்ஸ் எப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குள் ஆடினார் என்பதற்கு ஒரு போட்டியைச் சொன்னாலே போதும். 1906 செப்டம்பர் 3, நெவாடா பாலைவனத்தில் கோல்ட்ஃபீல்டு என்ற தங்கச் சுரங்க ஊர். எதிராளி பேட்லிங் நெல்சன், டென்மார்க்கில் பிறந்தவர், எவ்வளவு அடித்தாலும் விழாத முரடர், தலையால் முட்டுவதும் இடுப்புக்குக் கீழே குத்துவதும் அவருக்குச் சர்வ சாதாரணம். போட்டியை நடத்தியவர் டெக்ஸ் ரிக்கார்ட், பின்னாளில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கையே ஆண்ட அதே ரிக்கார்ட், அவருக்கு அதுதான் முதல் பெரிய போட்டி. பரிசுப் பணம் 30,000 டாலருக்கும் மேல், அதைத் தங்க நாணயங்களாக ஜன்னலில் அடுக்கிக் காட்டி ஊரைக் கூட்டினார். சாம்பியன் கான்ஸ்தான், ஆனால் நிபந்தனை போட்டவர் நெல்சனின் மேலாளர். பணத்தில் பெரும் பங்கு நெல்சனுக்கு. அதோடு கான்ஸ் 133 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அதுவும் சண்டைக்கான உடுப்போடு, போட்டி நாளன்று மூன்று தடவை தராசில் ஏறிக் காட்ட வேண்டும். 31 வயது உடம்பை அந்த எடைக்குள் வைத்திருக்க அன்று அவரால் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடித்திருக்க முடியாது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் போட்டி கிடையாது, அவர் கையில் காசும் கிடையாது. ஏற்றுக்கொண்டார்.

ஒருவர் விழும் வரை சண்டை, ரவுண்டு எண்ணிக்கைக்கு வரம்பில்லை. மத்தியான வெயிலில் ஆரம்பித்த போட்டியில் கான்ஸ் முதல் பத்துப் பதினைந்து ரவுண்டும் நெல்சனைப் பாடமெடுப்பதுபோல் அடித்தார். நேர்க்கோட்டில் போகும் சிக்கனமான குத்துகள், வீணான அசைவு ஒன்றுகூட இல்லை. நெல்சன் விழுந்தபோது கைகொடுத்து எழுப்பியும் விட்டிருக்கிறார். முப்பது ரவுண்டுகளைத் தாண்டிய பிறகு கான்ஸின் வலது கை உடைந்தது. அது எதிராளிக்குத் தெரிந்தால் கதை முடிந்தது என்பதால் காலில் ஏதோ பிடித்துக்கொண்டதுபோல் நொண்டிக் காட்டிச் சமாளித்தார். கடைசியில் 42வது ரவுண்டில் நெல்சன் இடுப்புக்குக் கீழே ஓங்கிக் குத்த, நடுவர் ஜார்ஜ் சைலர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரச் சண்டை. பார்வையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அவர்களே அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள், அந்த அளவுக்கு யார் நன்றாக ஆடினார் என்பது வெளிச்சமாகத் தெரிந்தது.

கான்ஸுக்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு. 1900 டிசம்பரில் சிகாகோவில் டெர்ரி மெக்கவர்னிடம் இரண்டாவது ரவுண்டில் தோற்றது ஒன்று. அது திட்டமிட்ட தோல்வி என்று அன்றைக்கே பேச்சு எழுந்து, சிகாகோவில் குத்துச்சண்டைக்கே தடை வந்தது. உண்மைதான், கறை. ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பு வீரர் ஒருவருக்குத் தோற்கச் சொல்லி வரும் உத்தரவுக்கு மாற்று பட்டினிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாவது, 1908இல் அதே நெல்சனிடம் இரண்டு முறை நாக் அவுட்டில் தோற்றது. அதற்குள் காசநோய் அவரைத் தின்ன ஆரம்பித்திருந்தது என்றுதான் பலரும் கருதுகிறார்கள். 1910 ஆகஸ்டில், 35 வயதில், அந்த நோயாலேயே செத்துப்போனார். நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள். அவரோடு பல முறை மோதிக் கற்றுக்கொண்ட ஜாக் பிளாக்பர்ன்தான் பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸுக்குப் பயிற்சியாளர். லூயிஸின் அந்தச் சிக்கனமான குட்டைக் குத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கான்ஸ் ஞாபகம் வரும்.

பென்னி லியனார்டுக்கு வருவோம். நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதி யூதக் குடும்பத்துப் பையன், பிறந்தது 1896. 1917 மே 28 அன்று வேல்ஸ்காரர் ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்திப் பட்டம் வாங்கினார், 1925 ஜனவரியில் ஓய்வு அறிவிக்கும் வரை கையில் வைத்திருந்தார். ஏழரை வருஷம். லைட்வெயிட்டில் அவ்வளவு காலம் தொடர்ந்து ஆண்டவர் இன்னொருவர் இல்லை. மூளைக்காரர், வேகம், கால்வீச்சு, இரண்டு கையிலும் நாக் அவுட் வலிமை, வாரி விட்ட தலைமுடி கலையாமல் ஜெயித்துவிட்டு வருவேன் என்று பெருமையடிப்பார். 1922இல் ஜெர்சி சிட்டியில் இடதுகைக்காரர் லூ டெண்ட்லர் எட்டாவது ரவுண்டில் அவரைக் கிறங்கடித்தபோது, கால் தள்ளாடும் நிலையிலும் டெண்ட்லரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் ஒரு நொடி தயங்கியதில் உயிர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் யாங்கி ஸ்டேடியத்தில் அதே டெண்ட்லரை 15 ரவுண்டும் தெளிவாக ஆடி வென்றார்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் இருந்த ஃப்ராலி சட்டப்படி பத்து ரவுண்டு ஆடலாம், ஆனால் இருவரும் நின்றுகொண்டிருந்தால் வெற்றி தோல்வி அறிவிக்கக் கூடாது. சூதாட்டத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. மறுநாள் செய்தித்தாள் நிருபர்கள் யார் ஜெயித்தார் என்று எழுதுவதுதான் தீர்ப்பு, அதை வைத்துதான் பந்தயக்காரர்களும் காசு பட்டுவாடா செய்தார்கள். இதன் விளைவு என்னவென்றால், சாம்பியன் ஒவ்வொரு ரவுண்டும் தோற்றாலும், விழாமல் நின்றுவிட்டால் பட்டம் அவரிடமேதான் இருக்கும். வெல்ஷ் 1914இல் லண்டனில் புள்ளிகளில் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா வந்து இந்தச் சட்டத்தின் நிழலில் வருஷக்கணக்காகக் காலம் ஓட்டினார். லியனார்டே 1916இல் அவரோடு இரண்டு முறை பத்து ரவுண்டு ஆடியும் பட்டம் கைமாறவில்லை. அதனால்தான் 1917இல் அவரைச் சாய்த்தே ஆக வேண்டியிருந்தது, சாய்த்தார்.

அந்த வெற்றியின் மதிப்பு இதனால் கூடுகிறது. ஆனால் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். 1920இல் வாக்கர் சட்டம் வந்து நியூயார்க்கில் புள்ளித் தீர்ப்பு திரும்பி வந்த பிறகும் பக்கத்து மாநிலங்களில் தீர்ப்பில்லாப் போட்டிகள் தொடர்ந்தன. லியனார்ட் ஆடிய இருநூற்றுச் சொச்சம் போட்டிகளில் ஒரு பெரிய பகுதி அப்படிப்பட்டவைதான், நான் மேலே சொன்ன முதல் டெண்ட்லர் போட்டி உள்பட. விழுந்தால் மட்டுமே பட்டம் போகும் என்ற பாதுகாப்போடு ஆடிய போட்டிகளை, 42 ரவுண்டு உயிர்ச் சண்டையோடு எப்படி ஒரே தட்டில் வைப்பது? அதனால்தான் நான் கான்ஸை லியனார்டுக்கு மேலே வைக்கிறேன். லியனார்ட் தரத்தில் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை, அவருக்கு இருந்த பாதுகாப்பு கான்ஸுக்கு இல்லை என்பதே.

1940களில் ஐக் வில்லியம்ஸ். 1945 முதல் 1951 வரை பட்டம், 1947இல் பாப் மாண்ட்கோமரியை நாக் அவுட் செய்து ஒரே சாம்பியன், 1948இல் பீயூ ஜாக்கைச் சாய்த்தார். அதே வருஷம் எடை கூடிய கிட் கவிலானையும் வென்றார். வலது கை இடிபோல் விழும். மேலாளர்கள் சங்கத்தோடு மோதியதால் யாரும் அவருக்குப் போட்டி தராமல் ஒதுக்கினார்கள், கடைசியில் மாஃபியா ஆள் பிளிங்கி பலெர்மோவை மேலாளராக ஏற்றுக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது. 1960இல் அமெரிக்க செனட் விசாரணையில், தோற்பதற்கு லஞ்சம் கொண்டு வந்தார்கள், நான் வாங்கவில்லை என்று சாட்சி சொன்னார். பெரிய போட்டிகளின் சம்பளம் தன் கைக்கு வராமலே போனதையும், வராத அந்தப் பணத்துக்கு வரி மட்டும் தான் கட்டியதையும் சொன்னார். இவரை முதல் ஐந்துக்குள் வைக்காத பட்டியலை நான் பொருட்படுத்துவதில்லை.

சரி, டுரான்.

பனாமா நகரத்தின் எல் சொர்ரியோ சேரியில் பிறந்தவர். 1972 ஜூன் 26, வயது 21 முடிந்து பத்து நாள், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஸ்காட்லாந்தின் கென் புக்கானனை வென்று பட்டம் வாங்கினார். அந்தப் போட்டி முடிந்த விதம் அசிங்கம். 13வது ரவுண்டின் முடிவில், மணி அடித்தபோதோ அடித்த பிறகோ, டுரானின் குத்து இடுப்புக்குக் கீழே விழுந்தது, புக்கானன் சுருண்டார், நடுவர் டுரானை வெற்றியாளராக அறிவித்தார். அதுவரை டுரான் நன்றாகவே முன்னிலையில் இருந்தார் என்பது உண்மை, ஆனாலும் மறுபோட்டி தந்திருக்க வேண்டும், தரவே இல்லை. டுரான் ரசிகனாக இதை நான் மழுப்ப மாட்டேன்.

அவரைப் பற்றி முரட்டு ஆள், கல் கை, சேரிச் சண்டைக்காரர் என்று ஒரு பிம்பம் இருக்கிறது. அதைக் கலைக்க எஸ்தபான் டி ஹெசூஸுடன் நடந்த மூன்று போட்டிகளை வரிசையாகப் பார்த்தால் போதும். 1972 நவம்பரில் முதல் போட்டி, பட்டம் பணயத்தில் இல்லை. போர்ட்டோ ரிக்கோக்காரரான டி ஹெசூஸ் முதல் ரவுண்டிலேயே இடது ஹூக்கால், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தால், டுரானைத் தரையில் உட்காரவைத்து, பத்து ரவுண்டு முடிவில் ஜெயித்தார். டுரானின் முதல் தோல்வி. 1974 மார்ச்சில் பனாமாவில் மறுபோட்டி, மறுபடி முதல் ரவுண்டிலேயே டுரான் கீழே. இம்முறை எழுந்து, அந்த வெக்கையில் உடம்பைக் குறிவைத்துக் குத்திக் குத்தி டி ஹெசூஸைக் களைக்கவைத்து 11வது ரவுண்டில் முடித்தார். 1978 ஜனவரி 21 அன்று லாஸ் வேகஸில் மூன்றாவது போட்டி. இப்போது டி ஹெசூஸிடம் டபிள்யூபிசி பட்டம், டுரானிடம் டபிள்யூபிஏ பட்டம், இரண்டும் தனித்தனியே உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள். அன்று ரிங்குக்குள் வந்தவர் வேறொரு டுரான். பாய்ச்சல் இல்லை. ஜாப் என்ற முன்கை நேர்க்குத்தைப் போட்டுத் தூரத்தை அளக்கிறார், தோளை அசைத்துப் பொய்க்காட்டி எதிராளியின் ஹூக்கை வரவழைக்கிறார், தலையை ஒரு விரற்கடை மட்டும் நகர்த்தி அதைக் காற்றில் விடுகிறார், உடனே உள்ளே நுழைந்து விலாவில் ஒன்று. இரண்டு முறை தன்னைச் சாய்த்த அந்த இடது ஹூக்குக்கு இடமே தரவில்லை. 12வது ரவுண்டில் வலது கையால் விழவைத்து முடித்தபோது லைட்வெயிட் பட்டம் ஒன்றாயிற்று.

அந்த மாற்றம் தானாக வந்ததில்லை. ரிங்கில் அவர் மூலையில் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் ரே ஆர்செலும் ஃப்ரெடி பிரவுனும், இருவரும் கிழவர்கள், பழைய நியூயார்க் பள்ளி. ஆர்செல் 1930களின் தொடக்கத்தில் பென்னி லியனார்ட் ஓய்விலிருந்து திரும்பி வந்தபோது அவரோடு வேலை பார்த்தவர். டுரானா லியனார்டா என்று அடித்துக்கொள்கிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும், லியனார்டின் பாடத்தில் ஒரு பங்கு ஆர்செல் வழியாக டுரானுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த இருவர் கதையில் இன்னொன்றும் உண்டு. டி ஹெசூஸ் பின்னாளில் கொலை வழக்கில் சிறை போனார், எய்ட்ஸ் வந்து சாகக் கிடந்ததால் விடுவிக்கப்பட்டார். 1989இல், அந்த நோயாளிகளைத் தொடவே உலகம் பயந்த காலத்தில், டுரான் போய் எலும்பும் தோலுமாக இருந்த அவரைக் கட்டித் தூக்கிக்கொண்டார். பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன? 12 முறை பட்டத்தைத் தக்கவைத்தார், அதில் 11 நாக் அவுட். முழுத் தூரமும் போனது 1977இல் எட்வின் விருவெட் ஒருவர்தான். 1979இல் பட்டத்தைத் துறக்கும் வரை 60க்கும் மேற்பட்ட போட்டிகளில் ஒரே ஒரு தோல்வி, அதற்கும் இரண்டு முறை பழி தீர்த்தாயிற்று. அவரிடம் தோற்ற ஜப்பானின் கட்ஸ் இஷிமட்சு சில மாதங்களிலேயே டபிள்யூபிசி பட்டம் வென்றார் என்பதையும் பாருங்கள். 'எதிராளிகள் மட்டம்' என்று சொல்கிறவர்களுக்கு இது பதில்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. ரே லாம்ப்கின் 14வது ரவுண்டு, லியோன்சியோ ஓர்டிஸ் 15வது, லூ பிசாரோ 14வது, விலோமார் ஃபெர்னாண்டஸ் 13வது. பட்டத்தைத் தக்கவைத்த நாலு போட்டிகள் 12 ரவுண்டுக்குப் பிறகுதான் நாக் அவுட்டில் முடிந்திருக்கின்றன, புக்கானன் போட்டியையும் சேர்த்தால் ஐந்து. அன்று பட்டப் போட்டி 15 ரவுண்டு, இன்று 12தான், இன்றைய விதிப்படி இந்த ஐந்தும் புள்ளித் தீர்ப்புக்குப் போயிருக்கும். அதாவது டுரானின் மேதைமையில் ஒரு பெரும் பகுதி, இன்று ரிங்கிலேயே இல்லாத அந்தக் கடைசி ஒன்பது நிமிடங்களில் இருந்தது. முதல் பத்து ரவுண்டும் விலாவில் போட்டுவைத்த குத்துகள் அங்கேதான் பலன் கொடுத்தன.

அந்த ஒன்பது நிமிடங்கள் போனதும் ஒரு லைட்வெயிட் போட்டியால்தான். 1982 நவம்பர் 13, லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ், ரே மான்சினிக்கு எதிரே தென்கொரியாவின் கிம் டுக் கூ 14வது ரவுண்டில் விழுந்தார், நாலு நாளில் இறந்துபோனார். உடனடியாக டபிள்யூபிசி 12 ரவுண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் சில வருஷங்களில் பின்தொடர்ந்தன. சரியான முடிவு. ஒரு விளையாட்டு ரசிகனின் ஆசைக்காக யாரும் சாக வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின் வந்தவர்களையும் முன் இருந்தவர்களையும் நாக் அவுட் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

12 ரவுண்டு காலத்தின் மிகச் சிறந்த லைட்வெயிட் யார் என்றால் பெர்னெல் விட்டேக்கர்தான், கொஞ்சமும் யோசிக்க மாட்டேன். 1984 ஒலிம்பிக் தங்கம், இடதுகைக்காரர், வர்ஜீனியாவின் நார்ஃபோக் ஊர். 1988 மார்ச்சில் பாரிஸில் ஹோசே லூயிஸ் ரமிரெஸுடன் ஆடியபோது அநியாயத் தீர்ப்பால் தோற்றார், அடுத்த வருஷம் சொந்த ஊரில் அதே ரமிரெஸை 12 ரவுண்டும் சுற்றவிட்டு வென்றார். 1990இல் ஹுவான் நசாரியோவை முதல் ரவுண்டிலேயே சாய்த்து மூன்று அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக்கினார், டுரானுக்குப் பிறகு அந்த எடையில் மறுப்புக்கு இடமில்லாத ஒரே சாம்பியன் அவர்தான். எதிராளியின் முட்டி உயரத்துக்குக் குனிந்து, குத்து தலைக்கு மேலே போனதும் பக்கவாட்டில் எழுந்து நிற்பார், அடித்தவர் அவரை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். பட்டத்தைத் தக்கவைத்த எட்டுப் போட்டிகளில் இரண்டுதான் நாக் அவுட், சிலருக்கு அது குறை. ஒருவரை 36 நிமிடம் தொட விடாமல் வைத்திருப்பதும் ஆதிக்கம்தான் என்பது என் வாதம்.

டுரானும் விட்டேக்கரும் மோதியிருந்தால்? 12 ரவுண்டு என்றால் விட்டேக்கருக்கு நல்ல வாய்ப்பு. 15 என்றால் டுரான். உடம்பை அடிக்கிறவருக்கு நேரம் வேண்டும், மூன்று ரவுண்டு கூடுதலாகக் கிடைத்தால் அந்த இடுப்பு வளைவது நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

ஹூலியோ சீசர் சாவேஸ் 1987 நவம்பரில் எட்வின் ரொசாரியோவை 11 ரவுண்டில் சிதைத்தது, ஒரே ஒரு இரவை எடுத்துக்கொண்டால், 135 பவுண்டில் யாரும் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. ஆனால் இரண்டே வருஷத்துக்குள் அவர் மேலே போய்விட்டார். 2005 மே 7 அன்று டியேகோ கொராலஸ், ஹோசே லூயிஸ் காஸ்டியோ மோதியது இந்த எடையின் மிகச் சிறந்த சண்டை, பத்தாவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்த கொராலஸ் எழுந்து அதே ரவுண்டில் ஜெயித்தார். மகத்தான சண்டை வேறு, மகத்தான வீரர் வேறு. அதே அக்டோபரில் மறுபோட்டிக்கு வந்த காஸ்டியோ எடையில் மூன்றரை பவுண்டு கூடுதலாக நின்றார், நாலாவது ரவுண்டில் கொராலஸைச் சாய்த்தார், 1906இல் கான்ஸைத் தராசில் மூன்று முறை ஏற்றியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

பெண்களைச் சேர்க்காமல் இந்தப் பேச்சை முடிக்கிறவர்களும் அதிகம். அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 2019இல் நாலு அமைப்புகளின் லைட்வெயிட் பட்டங்களையும் ஒன்றாக்கினார், 2022 ஏப்ரலில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமாண்டா செர்ரானோவுக்கு எதிரே ஐந்தாவது ரவுண்டில் கிட்டத்தட்ட விழும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்து ஜெயித்தார். பெண்கள் லைட்வெயிட்டில் முதலிடம் அவருக்கே.

ஆக என் வரிசை டுரான், கான்ஸ், பென்னி லியனார்ட், விட்டேக்கர், ஐக் வில்லியம்ஸ். ஆறாவதாக போர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் ஓர்டிஸ், 1962 முதல் 1968 வரை நடுவில் சில மாதங்கள் தவிர பட்டம் அவரிடம்தான், எதிராளியின் ஊருக்கே போய் ஆடவும் தயங்காதவர். மூன்றும் நாலும் இடம் மாறினால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இந்த வரிசைக்குள் இன்றைய தலைமுறையில் யாராவது நுழைவார்களா என்றால், இப்போதைக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் திறமைக் குறைவு கிடையாது. வாசில் லோமசென்கோவின் கால்வேலையை எந்தக் காலத்து ரிங்கிலும் வைக்கலாம். அவரை 2020இல் வென்ற தியோஃபிமோ லோபஸ் அடுத்த வருஷமே ஜார்ஜ் காம்போசஸிடம் தோற்று 140க்குப் போனார், காம்போசஸை 2022இல் மெல்போர்னில் வென்று நாலு பட்டமும் சேர்த்த டெவின் ஹேனி, 2023 மே மாதம் லோமசென்கோவோடு பலர் ஒப்புக்கொள்ளாத தீர்ப்பில் தப்பித்து, அந்த வருஷக் கடைசியில் அவரும் 140க்குப் போய்விட்டார். எடையைக் குறைப்பது கஷ்டம், மேலே பணமும் அதிகம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. டுரான் ஆறரை வருஷமும் பென்னி லியனார்ட் ஏழரை வருஷமும் அதே 135இல் உட்கார்ந்துகொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்கள்.